நீ எடுத்துவிட்ட என் பெயர்

போன திங்கட்கிழமை சாயங்காலம் என் மகள் கல்லூரியிலிருந்து வரும்போது ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசைமேல் வைத்து, கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்தாள். பழைய செய்தித்தாள், காய்ந்த இலை, பாச்சை உருண்டை மூன்றும் கலந்த ஒரு வாசனை எழுந்து வந்தது. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி வந்தது. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். நம் தாவரவியல் துறையின் பின்னறை, இரும்பு பீரோக்கள், ஸ்டூலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து கழுத்தில் தொங்கும் லென்சைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருக்கும் நீ, எல்லாம் அந்த வாசனைக்குள் இருந்தது.

"எல்லாம் ஆன்ட்டி செடி ஒட்டி வச்ச ஷீட்டுதான்," என்றாள் மகள். "காலேஜ் தர மதிப்பீட்டுக்கு ஆளு வருது. பூச்சி அரிச்சத எல்லாம் புதுத் தாள்ல மாத்தி ஒட்டணும். காலேஜ்ல வச்சு செய்ய நேரம் இல்ல."

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இதையெல்லாம் நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு இடம் இல்லாமல் இல்லை. இருபத்தாறு வருடம் உன் நாற்காலியும் என் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். நான் நாகர்கோவில்காரி, கஞ்சி போட்ட புடவையும் தோல் பையுமாக அப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். நீ குலசேகரத்துக்கும் அப்புறம் உள்ள ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்த புடவைக் கரையோடு வந்தாய். அலுவலகத்தில் குமாஸ்தா சான்றிதழைக் கேட்டார். நீ பையிலிருந்து ஈரத் தாளில் சுற்றிய ஒரு செடியை முதலில் எடுத்து வைத்து, "இதுக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றாய். வருகிற வழியில் விழுந்து கிடந்த கிளை ஒன்றில் இருந்ததாம். நம்மூரில் மரவாழை என்பார்களே, அந்த ஆர்க்கிட். குமாஸ்தா உன்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் சொம்பை நீட்டினார். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்படித்தான் ஆரம்பம்.

உன் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். சின்ன வயதில் அவரோடு போய்ச் சிரட்டைகளில் பால் எடுக்கும்போது, தோட்டத்தின் எல்லையில் நின்ற ஒரு பலாமரத்தில் மரவாழை பூத்துத் தொங்கியதைப் பார்த்திருக்கிறாய். "அது மரத்துக்க பூ" என்றாராம் அப்பா. "மரத்துக்கது இல்லப்பா, மரத்துல இருக்கது" என்றாயாம் நீ. ஏழு வயதில் சொன்னதையே ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்வாய்: "ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சாது. இருக்க இடம் மட்டும்தான் கேக்கும்."

மூன்றாம் வருடத்திலிருந்து நானும் உன்னோடு சனிக்கிழமைகளில் மலைக்கு வர ஆரம்பித்தேன். வடசேரியில் முதல் பஸ். கீரிப்பாறை, காளிகேசம், சில சமயம் கோதையாறு. காலில் புகையிலைத் தண்ணியும் உப்பும் தடவிக்கொண்டாலும் அட்டை ஏறிவிடும். நான் கத்துவேன், நீ என் கணுக்காலில் இருந்து அதைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்துகொண்டே இருப்பாய். எனக்கு ஆர்க்கிட் பெரிதாக ஒன்றும் தெரியாது. என் பாடம் தாவர உள்ளமைப்பு. ஆனால் எனக்குப் படம் வரையத் தெரியும், கையெழுத்து நன்றாக இருக்கும். உன் கையெழுத்தோ, எழுதிய உனக்கே மறுநாள் புரியாது. அதனால் நீ கண்டுபிடிப்பாய். நான் வரைந்து, காய்ந்த செடியை ஒட்டிய தாளின் மூலையில் லேபிள் எழுதுவேன். எங்கே எடுத்தது, என்றைக்கு, பூ என்ன நிறம், எத்தனை செடி நின்றது, எடுத்தவர் யார். காய்ந்த பிறகு நிறம் போய்விடும். அந்தச் சின்னச் சீட்டில் எழுதியது மட்டும்தான் மிஞ்சும். "லேபிள் இல்லாத ஷீட்டு வெறும் சருகு" என்பாய்.

உன் முனைவர் பட்டத்துக்கு ஒன்பது வருடம் ஆனது. பாடமும் நடத்தி, பரீட்சைத் தாளும் திருத்தி, சனி ஞாயிறில் மட்டும் மலை. வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே அத்தியாயத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். பட்டம் கிடைத்த மறுநாள் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றலோடு வந்து எல்லார் மேசையிலும் ஒரு பிடி வைத்து, "முடிஞ்சு" என்றாய். அவ்வளவுதான் கொண்டாட்டம். வெளியூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. போகவில்லை. "நானும் போயிட்டா இஞ்ச உள்ளத யாரு பாப்பா?" என்றாய். கல்யாணத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். கடைசியாக வந்த வரனைப் பற்றி நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது: "பொண்ணு காட்டுக்குப் போறத நிறுத்துமான்னு கேட்டாவ. மாப்பிள பேங்குக்குப் போறத நிறுத்துவாரான்னு நான் கேட்டேன். காப்பிய முழுசாக்கூட குடிக்காம போயிட்டாவ."

இந்த மாவட்டத்தில் என்னென்ன ஆர்க்கிட் எங்கே நிற்கிறது என்று முதல் முறையாக முழுப் பட்டியல் போட்டவள் நீ. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வரும். ஆனாலும் ஒரு செடிக்குப் பெயர் சொல்ல நீ எவ்வளவு தயங்குவாய்! மாணவிகள் இலையைக் கொண்டுவந்து நீட்டினால், "பூவைப் பாக்காம பேரைச் சொல்லாத" என்று திருப்பி அனுப்பிவிடுவாய். அதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வாக்கியத்தை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அந்த ஆடிச் சனிக்கிழமை உனக்கு ஓர்மை இருக்கும். கோதையாறு பஸ்ஸைத் தவறவிட்டோம். வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல், குலசேகரம் பக்கம் வேறு பஸ்ஸில் போய், கண்ணில் பட்ட ஒரு பொற்றையில் ஏறினோம். அடிவாரத்தில் ரப்பர், அதை ஒட்டி இருபது வீடுகள், மேலே மொட்டைப் பாறைக் குன்று. வெயில் படாத வடக்குச் சரிவில் பாசிக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நீ முட்டுக்குத்தி உட்கார்ந்து லென்சை வைத்தாய். அரைமணி நேரம் எழவில்லை. எனக்குப் பசித்தது. கட்டுச்சோற்றைப் பிரிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தபோது நீ மெதுவாக, "ஏட்டி, இஞ்ச வா. மூச்சு விடாம பாரு" என்றாய்.

ஒரு அரிசி அளவுப் பூ. வெள்ளை. கீழ் உதட்டில் கருஞ்சிவப்பாய் ஒரு புள்ளி, யாரோ பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல. அந்தச் சரிவில் நாம் எண்ணியவரை ஐம்பதுக்கு மேல் நின்றன. மழை தூறியது, நீ குடை பிடித்தாய், நான் முழங்காலில் நோட்டை வைத்து வரைந்தேன். ஒரே ஒரு செடியை மட்டும் எடுத்தாய்.

"புதுசா?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டு மழைக்குப் பூக்கட்டும். காயும் பாக்கணும்."

திங்கட்கிழமை பின்னறையில் நான் லேபிள் எழுதினேன். எடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதி நிறுத்தினேன். நீ எட்டிப் பார்த்து, "உனக்க பேரு எங்க?" என்றாய். "நான் சும்மா கூட வந்தவதானே" என்றேன். "நீயும் பாத்தியே. பாத்தவளுக்க பேரு இருக்கணும்" என்று நின்று எழுத வைத்தாய்.

அடுத்த வருடம் வைகாசியில் தொடங்க வேண்டிய எடவப்பாதி மழை தப்பியது. மொட்டெல்லாம் வந்த இடத்திலேயே கருகிவிட்டது. அதற்கடுத்த மழைக்கு முன்பே, பங்குனியில், அந்தப் பொற்றையைக் கல்குவாரிக்குக் குத்தகை கேட்டிருக்கும் செய்தி வந்தது. பக்கத்துப் பாறையில் ஏற்கெனவே வெடி வைத்துச் சுவர் கீறிய வீட்டுக்காரர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். அவர்களோடு நீயும் ஒரு மனு கொடுத்தாய். வேறெங்கும் கண்டிராத செடி இது, இந்தப் பாறையை விட்டால் இதற்கு இடமில்லை என்று எழுதி, பார்த்தவர்கள் என்று நம் இருவர் பெயரையும் போட்டாய். என்னிடம் கேட்டுத்தான் போட்டாய். நான் "போடு" என்றுதான் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில், நம் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் வந்தார். குவாரிக்கு விண்ணப்பித்தவர் அவருடைய மைத்துனர் என்பது உனக்குத் தெரியும். அவர் என் வீட்டுக்கு வந்தது மட்டும் உனக்குத் தெரியாது. என் கணவர் அப்போது மஸ்கட்டில். என் மகள் நம் துறையிலேயே காலியாக இருந்த இடத்துக்கு மனுப் போட்டிருந்தாள். வந்தவர் டீ குடித்தார். ஜன்னல் திரை நன்றாக இருக்கிறது என்றார்.

"மோளுக்கு இன்டர்வியூ எப்பம் டீச்சர்?"

"அடுத்த மாசம்."

"நல்ல பிள்ள. கிடைக்கும்."

வாசலில் செருப்பைப் போடும்போது, "அந்தப் பொற்றை விசயத்துல உங்க பேரும் இருக்குன்னு கேட்டேன். ஆப்பீசர் கூப்பிட்டா நல்லா ஓர்மிச்சு சொல்லுங்கோ" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

விசாரணை நாளன்று நீ உன்னிடம் இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாய். ஊர்க்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பெண்கள் மடியில் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நீ எழுந்து அவர்களுக்கும் புரிகிற தமிழில் பேசினாய். அதிகாரிகள் குழு அதற்குள் பொற்றையைப் போய்ப் பார்த்திருந்தது. கோடையில் அந்தச் செடி இலையை உதிர்த்துவிட்டுப் பாறைப் பொருக்குப் போலக் கிடக்கும். அவர்கள் கண்டது வெறும் பாறை. நீ கொடுத்த புகைப்படம் எந்தப் பாறையில் எடுத்ததாகவும் இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அதிகாரி நல்ல மனிதர். என் பக்கம் திரும்பி மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், மனுவுல உங்க பேரும் இருக்கு. அந்தச் செடியைப் பூவோட நீங்க பாத்தீங்களா?"

நான் எழுந்தேன். நீ என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாய், மேடையேறும் பிள்ளைக்குத் தைரியம் சொல்வதுபோல.

"பாறையில ஏதோ சின்னச் செடிங்க இருந்துது சார்," என்றேன். "பூ பாத்ததா எனக்கு ஓர்மையில்ல. பூவைப் பாக்காம பேரைச் சொல்லக் கூடாது. எங்க துறையில அதுதான் முறை."

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது. வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இவ என்னட்டி சொல்லுகா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வெளியே வாதுமை மரத்தடியில் யாரோ தெரிந்தவரிடம் பேசுவதுபோல நின்றேன். நீ என்னைக் கடந்து போனாய். இரண்டு எட்டு தாண்டி நின்று, திரும்பாமலே சொன்னாய்: "எனக்க வார்த்தைய எடுத்து எனக்கே போட்டியே ஏட்டி."

அதற்குப் பிறகு, சாகும்வரை, நீ அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

வேறு ஆதாரம் இருந்தால் தர உனக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நீ அந்தச் செடியை ஒட்டிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று கேள்விப்பட்டேன். அன்றிரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. அதில் இருப்பது என் கையெழுத்து. பூவின் நிறத்தை எழுதியது நான். எடுத்தவர் வரிசையில் என் பெயர். அதைப் பார்த்தால் நான் சொன்னது பொய் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று தினமும் தபால்காரரை எதிர்பார்த்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. உத்தரவு வந்தது. தாளில் உள்ள லேபிள் அண்மையில் எழுதப்பட்டதாகத் தெரிகிறது, மனுதாரர் பெயர் மட்டுமே உள்ளது, ஏற்பதற்கில்லை என்று அதில் இருந்ததாகத் துறையில் பேசிக்கொண்டார்கள். அண்மையில் எழுதியதா? நான் எழுதி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறதே! எனக்குள் அந்தக் கேள்வி எழாமல் இல்லை. உன்னிடம் கேட்கவில்லை. என் பெயர் எங்கும் வரவில்லை என்ற நிம்மதியில் அதை அப்படியே அமுக்கிவிட்டேன்.

என் மகளுக்கு வேலை கிடைத்தது. நீ அவள் மேசைக்கு வந்து, "கொள்ளாம். கிளாசுக்கு நேரத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் ஒரு டப்பாவில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாய். பத்து வருடத்துக்கும் மேலாக அந்த டப்பா உன் வீட்டிலிருந்து வரும்போது ஒன்றுமில்லாவிட்டால் கொடியில் பறித்துக் காயவைத்த நாலு நல்லமிளகாவது உள்ளே இருக்கும். அந்த முறை கழுவித் துடைத்து வெறுமனே வந்தது. நான் மூடியைத் திறந்து பார்த்து, மூடி, பரணில் வைத்தேன். அதற்குப் பிறகு நாம் கால அட்டவணையைப் பற்றிப் பேசினோம். பரீட்சை மேற்பார்வையைப் பற்றிப் பேசினோம். சனிக்கிழமைகளில் நீ மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒருமுறை உன் ஊருக்கு வந்தேன். உன் தங்கை என்னை உள்ளே அழைத்துப்போனாள். பின்பக்கம் கிணற்றடியில் வரிசையாகக் கருங்கல் துண்டுகள் இருந்தன. கல்லின்மேல் காய்ந்த பொருக்குகள். குவாரியில் முதல் வெடி வைப்பதற்கு முன் நீ தனியாகப் பொற்றையில் ஏறி, பாசியோடு பெயர்த்துக் கொண்டுவந்து, இரண்டு வருடம் நிழல் மாற்றி நிழல் வைத்துப் பார்த்திருக்கிறாய்.

"எல்லாம் போச்சு," என்றாய். "எடம் மாறினது அதுக்குத் தெரிஞ்சிட்டு."

மறுமுறை அந்தப் பூவை நீ பார்க்கவே இல்லை. காயைப் பார்க்கவில்லை. அதனால் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அரைகுறையாகப் பெயர் வைக்கிற ஆள் இல்லை நீ. முப்பது வருடம் மலையேறிய உனக்கு, உலகத்துக்கே முதன்முதலாக நீ சொல்லியிருக்கக்கூடிய ஒன்று இருந்தது. அது உன் வீட்டுக் கிணற்றடியில் பொருக்காகக் கிடந்தது.

எழுந்திருக்கும்போது நீ என் கையைப் பிடித்தாய். "என்னதாவது சொல்ல வந்தியா?" என்று கேட்டாய். கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாய். தங்கை அறையில் இல்லை. வெளியே தேங்காய் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்ல," என்றேன். "மருந்து குடிச்சியா?"

"குடிச்சேன்," என்று கையை விட்டாய்.

கல்லூரியில் உனக்கு நினைவுக் கூட்டம் நடந்தபோது, அதிக காலம் உடன் வேலை பார்த்தவள் என்று என்னைத்தான் முதலில் பேச அழைத்தார்கள். அட்டைக்கதை சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள். வற்றல் பொட்டலக் கதை சொன்னேன், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தை எழுத மாட்டாள் என்று உன்னைச் சொன்னேன். கைதட்டினார்கள். பொற்றையைப் பற்றிச் சொல்லவில்லை.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தபோது மகள் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை வெளிச்சத்துக்குத் திருப்பி, "இது என்னம்மா, ரெண்டு லேபிள் இருக்கு?" என்றாள்.

முன்பக்கம் மூலையில் உன் கோணல் கையெழுத்தில் ஒரு லேபிள். எடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். அதன்மேல் விசாரணை அலுவலகத்தின் வட்ட முத்திரை. தாளின் பின்பக்கம் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருந்தது. உறையின்மேல், அதே கோணல் எழுத்தில்: 'பழைய லேபிள். கிழிக்க வேண்டாம்.' உள்ளே நான் எழுதிய சீட்டு. தண்ணீர் தொட்டு, ஓரம்கூடக் கிழியாமல் பிரித்து எடுத்திருக்கிறாய். வெள்ளை, உதட்டில் கருஞ்சிவப்புப் புள்ளி, ஐம்பதுக்கு மேல். உன் பெயர். என் பெயர்.

"இது உன் கையெழுத்துதானே?" என்றாள் மகள். "அந்தப் பொற்றைக்குப் போயிருக்கியா நீ? ஏன் இதை எடுத்துட்டு வேற ஒட்டியிருக்காங்க?"

"ஓர்மையில்ல மக்களே," என்றேன். குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. அடுக்களைக்கு ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆதாரமாகக் கொடுக்க உன்னிடம் இருந்தது அந்த ஒரு தாள். அதில் இருந்த என் எழுத்துதான் அதன் பலம். இரண்டாவது ஆளின் சாட்சி அது. அதை எடுத்துவிட்டுப் புதுச்சீட்டு ஒட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். லேபிள் இல்லாத தாள் சருகு என்று சொன்னவளே நீதானே. பாறையை, செடியை, அந்த இருபது வீட்டுக்காரர்களை எல்லாம் விட்டுக்கொடுத்து என் பெயரை ஏன் எடுத்தாய்? நான் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்றா? என் மகளின் நேர்காணல் உனக்கு நினைவிருந்ததா? அல்லது, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னவளின் பெயர் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றா? ஒருநாள் ஒரு விதமாகத் தோன்றுகிறது, மறுநாள் வேறு விதமாக. இரக்கம் என்று நினைக்கும் நாளில்தான் அதிகம் கூசுகிறது. கேட்கிற இடத்தில் நீ இருந்த நாளெல்லாம் நான் மருந்து குடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலையில் மகள் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் சொன்னேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதையும் கேட்டாள். வீட்டுக்கு வந்தவரை, டீயை, நான் சொன்ன வாக்கியத்தை, எல்லாவற்றையும்.

"எனக்காகவா?" என்றாள்.

"ஆமா."

"நான் உங்கிட்ட கேட்டேனா?"

நான் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஆன்ட்டி இருந்தவரைக்கும் அந்த டிபார்ட்மென்ட்ல அவங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருந்தேன். அவங்க என்னை ஒரு நாள் வேற மாதிரி பாத்ததில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ என்னையும் சேர்த்து இப்படி நிறுத்திட்டியே அம்மா." சீப்பை மேசையில் போட்டுவிட்டுப் போனாள். இரண்டு நாள் நான் எடுத்து வைத்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். "பழைய லேபிளை அதுக்க இடத்துல ஒட்டப் போறேன். கீழ இன்னொரு சீட்டு வேணும். நீ பாத்தத எழுதித் தா. அழுது எழுதாத. பாத்தத மட்டும் எழுது." எழுதினேன். பூவுடன் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எனக்கு அந்த எடத்தக் காட்டு" என்றாள்.

பொற்றை இல்லை. பாதி அறுத்த பலாப்பழம்போல ஒரு பக்கம் மட்டும் நின்றது. வடக்குச் சரிவு இருந்த இடத்தில் ஆழமான குழி, அதில் பச்சையாகத் தண்ணீர். குவாரியும் இப்போது ஓடவில்லை. மகள் மிச்சப் பாறையில் பாசி இருந்த இடமெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தாள். நான் குழிக்கரையில் நின்றேன். பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒரு பெண் புல் அறுத்துக் கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரத் தேடுதிய?"

"சும்மாதான். முன்னால இந்தப் பாறையில ஒரு செடி நின்னுதே, அது இருக்கான்னு பாக்க வந்தோம்."

அவள் முகம் மலர்ந்தது. "அந்த டீச்சரு சொன்ன செடியா? நல்ல மனுசி. எங்களுக்காவ ஆப்பீசர் முன்னால அப்படிப் பேசினாவ. எல்லாம் போன பொறவும் வருசா வருசம் மழைக்கு வருவாவ. இந்தா இப்பம் நீங்க நிக்க எடத்துலதான் நிப்பாவ. எனக்க வீட்டுல ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போவாவ. ரெண்டு வருசமா காணல. சொகமில்லியோ என்னமோ."

அவளே தொடர்ந்தாள். "கூட ஒருத்தி வந்தா பாத்துக்கிடுங்க. இன்னொரு டீச்சரு. அவ மாத்திச் சொல்லிட்டா. அதுலதான் போச்சு. வெடி வச்சு வச்சு எனக்க வீட்டுக்க பின்சுவரு விழுந்து. மருமவ பயந்து பிள்ளைய எடுத்துட்டு அவளுக்க அம்ம வீட்டுக்குப் போனவதான், பின்ன வரவேயில்ல." புல்கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நீங்க அந்த டீச்சருக்குச் சொந்தமா?"

"அவ போய் ரெண்டு வருசம் ஆச்சு," என்றேன். பிறகு சொன்னேன்: "மாத்திச் சொன்னது நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். அரிவாளை இடுப்பில் செருகினாள். ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கட்டு பெரியது, தலையில் ஏற்ற இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். அவள் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள். நான் மறுபக்கம் கை நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்காமல், கட்டை விட்டு நிமிர்ந்து, பாறைமேல் நின்ற என் மகளைக் கூப்பிட்டாள்.

"மக்களே, இஞ்ச வந்து ஒரு கை பிடி."

மகள் இறங்கி வந்து தூக்கிவிட்டாள். அவள் கட்டைத் தலையில் நேராக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போனாள். நீட்டிய கையோடு நான் அங்கே நின்றேன். அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கையால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.